அணி இல்லாத கல்லூரியின் ஆட்டக்காரி

சுருளிப்பட்டி யுவராணி நன்றாக வாலிபால் ஆடுவாள். 2006இல் அவள் முதலாமாண்டு முடித்ததும், தேனிப் பக்கம் அவள் படித்த கல்லூரி, செலவு தாங்கவில்லை என்று பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. அதனால் கம்பத்துக்குப் பக்கத்தில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். ஆனால் பழைய கல்லூரி தடையில்லாச் சான்றிதழ் தந்தால்தான் உடனே விளையாடலாம். தராவிட்டால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். பல்கலைக்கழக விதி அப்படி.

பழைய கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பார்த்தாள்.

"நல்ல ஆட்டக்காரியை எப்படிம்மா விட்டுக் கொடுக்கிறது?" என்றார் அவர்.

"இங்கனதான் டீமே இல்லையே சார்?"

"நாளைக்கே ஆரம்பிச்சா?"

"இன்னைக்கே ஆரம்பிங்க சார், நான் திரும்பி வந்துர்றேன்."

"அதுக்கு நிதி இல்லம்மா."

இல்லாத அணிக்கு இவ்வளவு விசுவாசம் காட்டிய மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? அந்த ஓராண்டும் யுவராணி மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து, தன் புதுக் கல்லூரி தோற்கும் ஆட்டங்களுக்கெல்லாம் புள்ளி எழுதினாள். ஆத்திரம் தீர, தினமும் காலையில் சுவரில் பந்தை அடித்துப் பழகினாள்.

மூன்றாமாண்டில் இறங்கி ஆடினாள். பல்கலைக்கழக அணியிலேயே இடம் கிடைத்தது. மறுவாரமே சுருளிப்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் பெரிய பிளெக்ஸ் பேனர் நின்றது: 'எங்கள் கல்லூரி உருவாக்கிய வீராங்கனை!' வைத்தது பழைய கல்லூரி.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மா ராக்கம்மாள் அதை அவிழ்த்து வந்து மாட்டுக்கொட்டகையின் மேல் விரித்தாள்.

"சும்மா சொல்லப்படாதுடி, நல்ல கெட்டியாத்தான் அடிச்சிருக்காக!"