புதுச் சுண்ணாம்பு அடித்த குசினி

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் மணம் மூக்கில் ஏறினால் நான் இன்றும் யன்னலைச் சாத்திவிடுவேன். பொங்கலுக்கு முந்திய கிழமை அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்க அந்த மணம்தான். மற்றவர்களுக்கு அது பண்டிகை வருகிற மணம். எனக்கோ துறைமுகத்துக்குப் பக்கத்து மாடிக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில் இருந்த ஒரு வீட்டின் சமையல் குசினிதான் கண்முன் வந்து நிற்கும்.

அந்த வீட்டில் குடியிருந்தவரை எல்லாரும் கிரேன் நானா என்பார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். நெஞ்சு நோய் வந்தபிறகு வீட்டோடு இருந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். இடியாப்பம் பிழிந்து சந்தியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது ராத்தாவின் கையை நம்பித்தான்.

அந்த மாடி வீடுகளை வாடகைக்குக் கொடுத்த அலுவலகத்தில் நான் வேலை செய்தேன். பழுது என்று கடிதம் வந்தால் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். விதி இலகுவானது. கூரை, தளம், சுவர், மாடிக்கு மாடி ஓடும் குழாய் எல்லாம் அலுவலகத்தின் பொறுப்பு. பல்பு, பூட்டு, யன்னல் கண்ணாடி குடியிருப்பவரின் பொறுப்பு. கடைசியில் ஒரு வரி மட்டும் இருந்தது: குடியிருப்பவர் அனுமதி இல்லாமல் கைவைத்த இடத்துக்கு அலுவலகம் பொறுப்பல்ல. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரி நான்தான்.

மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து ராத்தாவின் குசினியின் மேல்தளம் ஊறிப்போயிருந்தது. அடுப்புக்கு நேர் மேலே பூச்சு உதிர்ந்து, துருவேறிய கம்பி தெரிகிறது என்று நானா மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குத்தான் நான் வருகிற நாளைக் குறித்துப் பதில் அனுப்பினேன்.

பிழை அங்கேதான் நடந்தது. உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் ஊரில் வீடு கூட்டி, கதிரைக்குப் புதுச் சீலை விரிக்காமல் இருக்க மாட்டார்கள். அவர் வருவதே பழுதைப் பார்க்கத்தான் என்று தெரிந்தாலும் கை சும்மா இருக்காது. ராத்தா முதல்நாளே ஏணி வைத்து ஏறி, உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, சீமெந்து அப்பி, இரண்டு தரம் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். நான் போய் அண்ணாந்து பார்த்தபோது தளம் பெருநாள் வீடு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"வாற மனிசருக்கு முன்னால வீடு அலங்கோலமாக் கெடந்தா எங்களுக்குத்தானே வெக்கம் தம்பி," என்றார் ராத்தா.

"மடச்சி, அவர் பார்க்க வந்ததையே மறைச்சிட்டியே!" என்று நானா தலையில் கைவைத்தார்.

ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஏனென்றால் நான் கண்டேன். வெள்ளைக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஈரம் மறுபடி ஊறத் தொடங்கியிருந்தது. அவர்கள் முன்னறையில் கதிரை போடப் போன நேரம் வீடு கூட்டும் தும்புத்தடியின் காம்பால் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கோறைச் சத்தம் கேட்டது. ஆனால் திருத்த வேலைகள் கூடிப்போயின என்று மேலதிகாரி அந்த மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். குழாயை உடைப்பதென்றால் ஆறு வீட்டுத் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆறு வீட்டு ஏச்சையும் நான்தான் கேட்க வேண்டும். கடைசியில் இருந்த அந்த ஒரு வரி எனக்குக் கைகொடுத்தது. குடியிருப்பவர் அனுமதியின்றித் திருத்தம் செய்துள்ளார், ஆகவே அலுவலகம் பொறுப்பல்ல என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவ்வளவு நேர்மையான மனிதன் நான்!

அந்த அறிக்கையே பதிலாகக் கிடைத்தபிறகு நானா கடிதம் எழுதவில்லை. தங்கள் பிழைதான் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை, இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த ராத்தாவின் தோளிலும் கையிலும் தளத்தின் ஒரு துண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தினார்கள். நரம்பைச் சரிப்படுத்த ஏலவில்லை. வலக் கை தொங்கிப்போனது, பிழைப்பும் அதோடு போனது. அலுவலகம் அதற்குப் பிறகுதான் ஓடிவந்து குழாயை மாற்றித் தளத்தையும் திருத்தியது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக. ஆறு வீட்டுத் தண்ணீரும் ஒரேயொரு பகல்தான் நின்றது.

கொஞ்ச நாளில் நானா அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் எழும்பி நின்றேன். அவர் மூச்சு வாங்கியபடி கதிரையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு நீங்க உண்மையாவே ஒண்டும் காணல்லையா? தான் சுண்ணாம்பு அடிச்சதாலதான் எல்லாம் வந்த எண்டு அவ அழுதுக்கிட்டே இரிக்கா. நீங்க கண்டிருந்தாச் சொல்லுங்க. அவட மனசு ஆறும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். நட்டஈடு கேட்கவில்லை, என்மேல் முறைப்பாடு செய்யப்போவதாகவும் சொல்லவில்லை. கண்டேன் என்ற ஒரு சொல் போதும், ஒரு மனுசி நிம்மதியாக இருந்திருப்பாள். எனக்கு என் வேலை பெரிதாகத் தெரிந்தது.

"இல்ல நானா, புதுச் சுண்ணாம்புக்குள்ள ஒண்டும் தெரியல்ல," என்றேன்.

"ஓம், அப்ப அவட பிழைதான்," என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போனார்.

நானா மவுத்தாகி அடக்கமாகிப் பல வருடம் ஆகிறது. நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். இந்த நோன்பு காலத்தில் அதே மாடிக் குடியிருப்புக்கு ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். படி இறங்கும்போது ராத்தா வாசலில் நின்று, "தம்பி, நோன்புக் கஞ்சி குடிக்காமப் போகப்படாது," என்று மறித்தார். உள்ளே போய் ஒரு கோப்பையை எடுத்துவந்து நீட்டினார்.

"இடக் கையால தாறன், பிழையா நினைக்காதீங்க. மத்தக் கைதான் ஏலாதே. எல்லாம் அண்டைக்கு நான் செஞ்ச மடவேலை."

கண்டேன் என்று சொன்னால் இழப்பதற்கு இப்போது எனக்கு வேலைகூட இல்லை.

"ஓம் ராத்தா," என்று தலையாட்டிவிட்டுக் கஞ்சியை வாங்கிக் குடித்தேன்.