நாற்காலி வகுப்பு வேண்டாம் என்றவள்

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அந்த அம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பாரம்தான். ஆனால் அதைப் பாரம் என்று யாராவது சொல்லிவிட்டால் சண்டைக்கே போய்விடுவாள். பிறந்ததிலிருந்தே கால் விளங்காத மகன். இப்போது மீசையில் நரை எட்டிப் பார்க்கும் ஆண்பிள்ளை. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவள்தான் அவனை மார்போடு அணைத்துத் தூக்குவாள்.

"என்னம்மா, இன்னைக்கு மூட்டை ரொம்பக் கனக்குதா?" என்று சிரிப்பான் மகன்.

"வாயை மூடு, பாதி கனம் குறையும்!"

அவள் தம்பி வரும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். "அக்கா, பராமரிப்பு இல்லத்துல இவனுக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன். ஒரு நாள் நீ கீழ போட்டுட்டா என்ன ஆகும்?"

"என் உசுரு இருக்கிற வரைக்கும் போட மாட்டேன்டா."

சொல்லிவிட்டாள். ஆனால் முழங்கால் கேட்க வேண்டுமே! நின்றே தேய்ந்த முழங்கால் படியேறும்போது நறநறத்தது. இஸ்திரிப் பெட்டி பிடித்த வலது மணிக்கட்டு பொழுது சாய்ந்தால் வீங்கிக்கொண்டது. உடம்பில் வலு ஏற்றியே தீருவது என்று தெருமுனை யோகா வகுப்புக்குப் போனாள்.

டீச்சர் சின்னப் பெண்தான். ஆனால் இவள் படியேறி வந்த விதத்திலேயே பாதியைக் கண்டுகொண்டாள்.

"அம்மா, காலையில நடக்கிறது வேகமான வகுப்பு. உடம்பு கனம் பூராவும் உள்ளங்கையில வந்து நிக்கும். உங்களுக்கு சாயங்காலம் நடக்கிற, உக்காந்தே செய்யிற நாற்காலி வகுப்புதான் சரி. முழங்கால் மூட்டைச் சுத்தி இருக்கிற தசை மெதுவா பலப்படும். வலி ஏதாச்சும் இருக்கா?"

"வலியா? எனக்கா?" வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "அது கிழவிங்க வகுப்பும்மா. என்னை வேகத்துலயே சேர்த்துக்க."

மெதுவாக வரும் பலத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? நாளைக் காலையிலேயே பிள்ளையைத் தூக்கியாக வேண்டுமே! அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வகுப்பில் எல்லோரும் இளவட்டங்கள். உள்ளங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தும்போது மணிக்கட்டில் ஊசி ஏறியது. "முழங்காலைத் தரையில வச்சுக்கங்கம்மா, முழங்கையை ஊனிக்கங்க" என்று டீச்சர் ஓடிவந்தால், "நல்லாத்தான் இருக்கேன் கண்ணு" என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி எங்களையே தூக்கிச் சாப்பிட்டுருவாங்க போல!" என்று பக்கத்தில் ஒருவன் சொன்னதை வீட்டில் வந்து மகனிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஒரு நாள் வகுப்பில் கை சட்டென்று மடங்கியது. சிரித்து மழுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று மாலை, நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில், மகனைச் சுமந்திருந்த விரல்கள் செத்துப்போயின.

கட்டில் விளிம்பில் அவன் நெற்றி மோதியது. அவளும் அவன்மேல் சரிந்தாள். எழப் பார்த்தாள், முழங்கால் மறுத்துவிட்டது. ரத்தம் வழியும் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஐயோ, அந்தத் தாய் கதறிய கதறல்!

"அழாதம்மா. மாமாவுக்குப் போன் போடு."

"மாட்டேன்!"

"நான் விழுந்ததுக்காகச் சொல்லல. என்னைத் தூக்கித் தூக்கி நீ ஒடிஞ்சு போறதைப் பார்த்துக்கிட்டு என்னால படுத்துக் கிடக்க முடியலம்மா."

அவள் போடவில்லை. அவனே போட்டான்.

மறுவாரம் பராமரிப்பு இல்லத்து ஆட்கள் இருவர் வந்தார்கள். ஒரு முனகல்கூட இல்லாமல் பூப்போல அவனைத் தூக்கினார்கள்.  இத்தனை வருஷம் அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது மற்றவர்களுக்கு இவ்வளவு சுலபமா? "மெதுவா தம்பி, இடது பக்கம் அவனுக்கு வலிக்கும்" என்று கட்டுப்போட்ட கையோடு வண்டிவரை ஓடினாள்.

"ஞாயித்துக்கிழமை வாம்மா" என்றான் மகன். "அங்க படி நிறைய இருக்காம். அந்தக் கிழவிங்க வகுப்புல சேர்ந்து முழங்காலைச் சரி பண்ணிக்கிட்டு வா."

சேர்ந்தாள். எல்லாவற்றையும் டீச்சரிடம் கொட்டினாள். "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று அந்தப் பெண்ணும் கண் கலங்கினாள்.

சாயங்கால வெயில் விழுந்த கூடத்தில் நாற்காலிகள் வட்டமாக இருந்தன.

"ரெண்டு கையையும் மெதுவா மேல கொண்டு போங்க."

கொண்டு போனாள். மணிக்கட்டு வலிக்கவில்லை. எந்தக் கனமும் இல்லாமல் கைகள் தாமாகவே உயர்ந்தன. அந்த லேசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.