டிசம்பரில் உறையாத தயிர்

டெல்லி டிசம்பரில் தயிர் தானாக உறையாது. அம்மா வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி, கிண்ணத்தை அப்பாவின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்குவாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எல்லாத் தமிழ் வீட்டிலும் இப்படி ஏதோ ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ரஜாய்ப் போர்வை. ஒரு வீட்டில் குரங்குக் குல்லாய்.

அப்போது நான் நாலாவது படித்தேன். அம்மாவின் தம்பி எங்களோடு தங்கி, கரோல் பாகில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தார். ஒரு நாள் கறுப்புக் கண்ணாடித் தகடு ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளங்கை அகலம். குவாண்டம் தகடாம். இரண்டு மாதம் முன்பே ஏதோ கூட்டத்தில் வாங்கி, கடையில் வைத்திருந்தாராம். அதன்மேல் வைத்த தண்ணீரைக் குடித்தால் உடம்பில் உள்ள அணுவெல்லாம் நாம் நினைத்தபடி மாறுமாம். மாத்திரையே வேண்டாமாம்.

அம்மாவுக்கு வலிப்பு. தினம் இரண்டு வேளை மாத்திரை. போட்டால் வராது.

அம்மா முதலில் சிரித்தாள். மாமா அன்று தகட்டைத் தயிர்க் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார். காலையில் தயிர் கட்டியாக இருந்தது. "பாத்தியாக்கா?" என்றார். ஸ்வெட்டரை ஒருவரும் நினைக்கவில்லை.

அம்மா மாத்திரை அட்டையைப் பரணில் போட்டாள்.

அப்பா அரசாங்க வண்டி ஓட்டுகிறவர். அதிகாரியோடு ஜெய்ப்பூர் போயிருந்தார். அம்மா அடுப்பில் நிற்கும்போதெல்லாம் பின்னால் போய் நின்றேன். விழுந்தால் பிடிக்கவேண்டும். நான் பள்ளிக்கூடம் போனால் யார் பிடிப்பது? அவள் மாத்திரை போட்டாக வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

இரண்டு கிண்ணம் பாலில் உறை ஊற்றினேன். ஒன்றுக்கு ஸ்வெட்டர். ஒன்றுக்குத் தகடு. காலையில் ஸ்வெட்டரில் தயிர், தகட்டில் பால்.

மாமா அசரவில்லை. "நீ சந்தேகத்தோட வச்சிருக்கடி. சந்தேகப்பட்டுப் பாத்தா அணு வேலை செய்யாது. சயின்ஸே அப்படித்தான் சொல்லுது."

"அப்போ நீங்களே வைங்க. நான் பாக்கவே மாட்டேன்."

"நீ வீட்ல இருந்தாலே போதும், கெட்டுரும்."

"வீட்லயும் இருக்கல."

"அச்சா, பாத்துருவோம்" என்றார். தலையணையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் படுக்கப் போனேன். ஏன் என்று கேட்டாள். தயிருக்காக என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பராட்டா கொடுத்தாள்.

மாமாவே உறை ஊற்றி, ஸ்வெட்டர் சுற்றாமல் மாமாவே தகட்டின்மேல் வைத்து, கண்ணை மூடி நின்றாராம். அம்மா சொன்னாள்.

விடிந்ததும் ஓடி வந்தேன். மாமா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. விரலை விட்டு நக்கினார். மறுபடி நக்கினார். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பரணில் இருந்த அட்டையை எடுத்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குழாய்த் தண்ணீர்.

நான் பத்தாவதோடு நின்றவள். குவாண்டம் என்றால் என்ன என்று இன்றும் தெரியாது. அது தயிரை உறைய வைக்காது என்று தெரியும். யாராவது அந்த வார்த்தையைச் சொல்லி மருந்தை நிறுத்தச் சொன்னால், உறை ஊற்றிக் காட்டு என்பேன்.

மாமா எங்களை ஏமாற்றத்தான் வந்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். அவரும் இரண்டு மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார், தன் மாத்திரையை எப்போதோ விட்டுவிட்டார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அன்று காலை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"யக்கா, நீ மருந்து வாங்குற ஆஸ்பத்திரில சுகருக்கும் பாப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "பேச்ச மாத்தாதீங்க மாமா" என்று கிண்ணத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.