அக்காவும் அந்த இரண்டாவது இசைத்தட்டும்

எங்கள் அக்காவின் பதினாறாம் நாள் படையலுக்குப் பெரம்பலூர் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பாதி, அக்காவிடம் டைப்ரைட்டிங் படித்தவர்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் அந்த இரண்டாவது பாதியினர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் விசாரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு அந்த ரயில்ல வந்தாரா, இல்லையா?"

அப்புறம் சொல்கிறேன் என்று அன்றைக்கு நழுவிவிட்டேன். இப்போது ஓராண்டு நிறைகிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்தறிவால் என்னென்ன நடந்தது என்பதைக் கீழே படிப்பீர்கள். ஆனாலும் அந்த ரயில் விஷயத்தை அக்கா என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே மாணவர்கள் போடும் இந்த நினைவு மலரில் நான் எழுதியாக வேண்டும்.

அக்கா கீழப்பழுவூரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காய்ச்சலில் போனபோது அக்காவுக்கு வயது பதினாறு, எனக்கு ஆறு. அம்மா கடலைக் காட்டில் களையெடுக்கப் போனார். அக்கா அரியலூருக்குப் பஸ் ஏறிப் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டார். லோயர், ஹையர் என்ற இரண்டு பரீட்சையும் பாஸ் செய்து, சில ஆண்டுகள் ஒரு வக்கீலிடம் டைப் அடித்தார். அதன்பின் நான்கு பழைய மிஷின்களை வாங்கிப் போட்டுப் பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் பயிலகம் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஆறு மணி பேட்ச் வந்துரும், நான் போவணும்" என்பார்.

நான் பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன். லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் சேர்ந்து மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான் என்று சுற்றினேன். சில நாள் சோறு இருந்தது, சில நாள் இல்லை. இடது கைச் சுண்டுவிரல் நாசிக் பக்கத்தில் ஒரு குழாயில் மாட்டிப் போனது. ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ பெரம்பலூருக்கு வருவேன். அக்கா, "வந்துட்டியா, குளிச்சிட்டு வா" என்பார். ஏன் போனாய், எங்கே இருந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படி ஒருமுறை நான் வந்திருந்தபோதுதான் லப்பைக்குடிக்காடு ஜமால் பாய் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு மாடி ஏறி வந்தார். அவர் மகள் மும்தாஜ் அக்காவிடம் படித்து அந்த ஆண்டு லோயர் பாஸ் செய்திருந்தது. பாய் வளைகுடாவில் ஒரு இத்தாலியக் கம்பெனியின் கேம்ப்பில் சமையல் வேலை பார்த்தவர்.

"டீச்சர், வேலை முடிஞ்சு அந்த இத்தாலிக்காரவங்க போறப்ப இத வுட்டுட்டுப் போயிட்டாங்க. நான் தூக்கிட்டு வந்துட்டேன். வூட்ல பாட்டுப் பொட்டி வேணாம்னு எங்க வாப்பா ஒரே சத்தம். நீங்க வச்சுக்கங்க."

பெட்டிக்குள் ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஓர் இசைத்தட்டும் இருந்தன. ஏதோ ஒரு இத்தாலியப் படத்துக்குப் போட்ட பின்னணி இசை. உறை விரித்தால் புத்தகம் போலத் திறந்தது. இரண்டு தட்டுகளுக்கு இடம் இருந்தது, ஆனால் ஒரு தட்டுதான் இருந்தது.

அக்கா அதைப் போட்டுக் கேட்டார். இரண்டாம் முறை கேட்கும்போது அவர் விரல்கள் மேசையில் தாளம் போட்டன. மறுநாள் காலை ஆறு மணி பேட்ச் அந்த இசைக்கு டைப் அடித்தது. கை ஒரே சீராக விழ வேண்டும் என்பது டைப்ரைட்டிங்கில் முதல் பாடம். பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்ததை இத்தாலிக்காரர்கள் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் பக்கம் நிமிடத்துக்கு முப்பது வார்த்தை, லோயருக்கு. மறுபக்கத்தில் ஒரு வேகமான பாட்டு நாற்பத்தைந்து வார்த்தை, ஹையருக்கு.

அந்தத் தட்டில் ஓர் இடத்தில் கீறல் உண்டு. அந்த இடம் வந்தால் ஊசி ஒரு தரம் தடுக்கி ஓடும். பிள்ளைகளின் கையும் கூடவே தடுக்கும். ஓராண்டு பரீட்சைக்கு வந்த மேற்பார்வையாளர், பெரம்பலூர்ப் பிள்ளைகள் மட்டும் இரண்டாவது நிமிடத்தில் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரு கணம் நிற்கிறார்களே, என்ன சங்கதி என்று கேட்டாராம். அக்கா, "மூச்சு வுடக் கத்துக்குடுத்திருக்கேன் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

படத்தை யாரும் பார்த்ததில்லை. உறையில் ஒரு கடலோர ஊரும் ஒரு பெண்ணும் தெரியும். அவ்வளவுதான். அக்கா இசையைக் கேட்டுக் கேட்டுக் கதையைத் தானே கட்டினார். அந்த ஊரில் ஒருத்தி சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். புருஷன் வெளிநாட்டுக்குப் போய் ஏழு வருஷம். கடுதாசி குறைந்து, பிறகு நின்றே போகிறது. ஒருநாள் தந்தி வருகிறது, சாயங்கால ரயிலில் வருகிறேன் என்று. தட்டின் கடைசிப் பாட்டில் கொட்டுச் சத்தம் ரயில் மாதிரி நெருங்கி வரும். அவள் கடைவாசலில் நிற்கிறாள். ரயில் இன்னும் நெருங்குகிறது. அங்கே தட்டு முடிந்துவிடும்.

"அப்புறம் டீச்சர்?"

"ரெண்டாவது தட்டு வரட்டும். இப்ப பேப்பர மாத்து."

பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த இரண்டாவது தட்டை எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுத்து அக்காவை அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. வீட்டுக்காக நான் ஒன்றும் செய்ததில்லை. ஊர் ஊராகச் சுற்றுபவன் இதையாவது செய்யலாமே. அக்கா குளிக்கப் போயிருந்த நேரத்தில் படத்தின் பெயரை எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன். உறையில் பெயர் பூவேலை போல வளைந்து வளைந்து இருந்தது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தின் ஓரத்தில் அழகான பெரிய எழுத்துகள் சுற்றி வந்தன. அதுதான் பெயர் என்று முடிவுசெய்து, கோலம் வரைவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வரைந்தேன். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுத்தேன். பாதியை ஜமால் பாயிடம் கொடுத்தேன். அவர் விமானம் ஏறுகிற ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். மீதியை நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆறே மாதத்தில் முதல் தட்டு வந்தது, தோஹாவிலிருந்து. சீட்டில் உள்ள எழுத்தும் தட்டில் உள்ள எழுத்தும் அச்சாக ஒத்துப்போயின. ஆனால் வேறு படம். அடுத்து அகமதாபாத் பழைய இரும்புக் கடையில் நான் ஒன்று கண்டுபிடித்தேன். அதுவும் எழுத்து சரி, படம் வேறு. பிறகு பம்பாயில், ஷார்ஜாவில், குவைத்தில் என்று வரிசையாக வரத் தொடங்கின. அக்கா ஒவ்வொன்றையும் ஷாம்பு போட்டுக் கழுவி, பழைய பருத்திப் புடவைத் துணியில் துடைத்து, கேட்டு, உறையின் பின்னால் ஒரு சீட்டு டைப் அடித்து ஒட்டுவார்: கொண்டுவந்தவர் பெயர், ஊர், நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை. ஒன்றில் நடுநடுவே பெண்கள் அலறினார்கள். அது பேய்ப்படம் போலிருக்கிறது, சாயங்கால பேட்ச் இரண்டு நாள் வரவில்லை. இன்னொன்றில் இசையே இல்லை, ஒரு அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே போனார். கேம்ப்பில் அவர்கள் பேச்சு பாய்க்குக் காதில் பழகியிருந்தது, படிக்கத்தான் தெரியாது. அவர் கேட்டுவிட்டு, "இது சமையல் குறிப்பு டீச்சர், வெங்காயம் வதக்குறாங்க" என்றார். அக்கா அதற்கும் இருபத்தைந்து வார்த்தை என்று சீட்டு ஒட்டினார்.

பின்னால் சி.டி. காலம் வந்தது. மும்தாஜ் கல்யாணமாகித் துபாய்க்குப் போய், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இத்தாலியப் படங்களின் சி.டி. கொண்டுவந்தது. அலமாரி நிறைந்து, டைப்பிங் பேப்பர் ரேக் நிறைந்து, அக்காவின் கட்டிலடி நிறைந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆகிவிட்டது. இரண்டாவது தட்டு மட்டும் வரவில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று திருச்சியில் சொன்னார்கள். ஆபரேஷன் தாங்காது, சில மாதம் என்றார்கள். அக்கா பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "அந்தத் தட்ட மட்டும் கேட்டுடணும்டா. பிள்ளைங்களுக்குச் சொல்றேன் சொல்றேன்னு எத்தனை வருசமா ஏமாத்திட்டு இருக்கேன்."

அன்றைக்கே மும்தாஜுக்குப் போன் போட்டேன். அது, படத்தின் பெயரைச் சொன்னால் போனிலேயே ஒரு நிமிடத்தில் கேட்கவைக்கலாம் என்றது. அக்கா தலையை ஆட்டினார். "போன்ல வேணாம். ஊசி வச்சுக் கேக்கணும்." சரி, பெயர் அனுப்புங்கள் என்றது மும்தாஜ். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டது.

"மாமா, இத யாரு எழுதுனது?"

"நான்தான். ஏன்?"

"என் ஆபீஸ்ல ஒரு இத்தாலிக்காரர் இருக்காரு, அவருட்ட காட்டுனேன். இது படத்துப் பேரு இல்ல மாமா. 'இந்தத் தட்டைப் பிரதி எடுக்கக் கூடாது'ன்னு போட்டிருக்காம். எல்லாத் தட்டுலயும் இருக்குமாம்."

நான் அதை நூறு பிரதி எடுத்தவன்.

அதன்பின் வேலை சுலபமாக முடிந்தது. உறையைப் படம் பிடித்து அனுப்பினேன். அந்த இத்தாலிக்காரர் தன் ஊரில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்காரரைப் பிடித்தார். மூன்றாவது வாரம், திருச்சிக்கு வந்த ஓர் ஊர்க்காரர் கையில் தட்டு வந்து சேர்ந்தது. அந்த மூன்று வாரமும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சு குறைந்தது. தட்டு முந்துமா, மற்றது முந்துமா என்று நான் உட்கார்ந்திருந்தேன். ஜமால் பாய்க்கு எழுபதுக்கு மேல் வயது. அவரே திருச்சிக்குப் போய் வாங்கி, பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, எங்க ஊரு ஆளுங்க கட கடயா ஏறி எறங்குனாங்களே. காப்பி அடிக்காதங்கறத தேடியா அனுப்புன எங்கள?"

"தெரியாம நடந்துபோச்சு பாய்."

"ஏழாவதுல ஒன்னய எவன் பாஸ் போட்டான்?"

"யாரும் போடல பாய். அதான் நின்னுட்டேன்."

உள்ளே கட்டிலில் அக்கா சிரித்தார். சிரித்தால் வலிக்கும், இருந்தும் சிரித்தார். நான் பக்கத்தில் போய், அந்தச் சீட்டில் எழுதியிருந்தது இன்னதென்று சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. தோஹாலேர்ந்து மொதத் தட்டு வந்துச்சுல்ல, அன்னைக்கு அதக் கொண்டாந்த பையன் சீட்டையும் காட்டுனான். ரெண்டு தட்டுலயும் ஓரத்துல அதே எழுத்து, படத்துப் பேரு மட்டும் வேற."

"ஏங்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரே ஒரு தட்டு வந்திருக்கும். கதையும் முடிஞ்சிருக்கும். சொல்லாம இருந்ததுல முந்நூறு வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப போடு."

மதியம் இரண்டு மணி இருக்கும். பாய் நாற்காலியில், நான் தரையில். தட்டு சுற்றியது. முதல் பாட்டு நமக்குத் தெரிந்ததுதான், மெதுவாக வந்தது. இரண்டாவதும் தெரிந்ததுதான், வேறு வாத்தியத்தில் வந்தது. இப்படியே ஒரு பக்கம் முழுக்கப் பழைய பாட்டுகளே திரும்பித் திரும்பி வந்தன. பாய் என்னைப் பார்த்தார். இத்தனை ஆண்டு காத்திருந்ததற்கு இதுதானா என்று நானும் நினைத்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தார். போர்வைக்கு வெளியே விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. மறுபக்கமும் முடிந்து ஊசி உயர்ந்தபோது கண்ணைத் திறந்தார்.

"புரிஞ்சிடுச்சு. நல்லா கேட்டுக்க, பிள்ளைங்களுக்கு நீதான் சொல்லணும்" என்று தொடங்கி, முடிவைச் சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். ஒரு விடியற்காலையில், ஆறு மணி பேட்ச் வருவதற்கு முன்னால், தூக்கத்திலேயே போய்விட்டார்.

முடிவை எழுதிவிட்டால் நன்றியை யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன். வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட திருச்சி மருத்துவருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர் தங்கைக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பழைய மாணவிகளுக்கும், அந்தப் பிளேயரைத் திரும்பத் திரும்பப் பிரித்துச் சரிசெய்து கொடுத்த மின்சாரக்காரத் தம்பிக்கும், ஜமால் பாய் குடும்பத்தாருக்கும், சீட்டை நம்பிக் கடை கடையாக ஏறி இறங்கிய லப்பைக்குடிக்காடு அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும், முகம் தெரியாத அந்த இரண்டு இத்தாலிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. பயிலகம் நடக்கிறது. அக்காவின் மாணவி ஒருவர் நடத்துகிறார். தட்டுகள் அங்கேயே இருக்கின்றன. நானும் அங்கேதான் படுத்துக்கொள்கிறேன், இப்போதைக்கு.

இனி, பிள்ளைகளே, அக்கா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அவரு வந்துட்டாரு. அந்த ரயில்லயே வந்துட்டாரு. ஆனா இவ ஸ்டேஷனுக்குப் போவல. கெளம்பத்தான் பாத்தா, ஒரு ஸ்கூல் பிள்ள பஞ்சர் சைக்கிளத் தள்ளிட்டு வந்து நின்னுடுச்சு. அவரு எறங்கிப் பாத்தாரு, ஆளக் காணும். வழி மறந்துபோச்சு, விசாரிச்சு விசாரிச்சு நடந்தே வராரு. அதான் எல்லாப் பாட்டும் மெதுவா வருது. கடைவாசல்ல வந்து நின்னாரு. இவ நிமிந்து பாத்தா. 'செத்த உக்காருங்க, இத முடிச்சிட்டு வரேன்'னா. அவரு உக்காந்துட்டாரு."