ஜஸ்டஸ் கூட்டி வைத்த சந்தோஷம்

தேவர்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர் குழந்தைகளின் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவள் தபித்தாள். முப்பத்தாறு வயதில் மனச்சோர்வு அவளைக் கட்டிலில் தள்ளியது. ஏழு வருஷம். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கணவன் ஜஸ்டஸ் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். சபைச் செயலாளர் வேறு. அவளுக்குள் பிசாசு இருக்கிறது என்று ஆள் சேர்த்து உபவாச ஜெபம் நடத்தினான். ஒருநாளாவது அவளுக்குத் தலைவாரிவிட அந்தப் பெரிய மனுஷனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் அவள் தம்பி அலன்தான் அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனான். மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள், காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பேட்டரி. இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் வைத்தியம், எல்லோருக்கும் கேட்காது என்று சொல்லித்தான் டாக்டர் செய்தார். தபித்தாளுக்குக் கேட்டது. நாலு மாதத்தில் தானாக எழுந்து அரிசி களைந்தாள். அழுதாள், சண்டை போட்டாள், மறுபடி வேலைக்குப் போகவேண்டும் என்றாள்.

அங்கேதான் ஜஸ்டஸுக்கு வலித்தது. மின்சாரத்தை இரண்டு படி கூட்டவும் குறைக்கவும் ஒரு ரிமோட் கொடுத்திருந்தார்கள், டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற கண்டிப்போடு. அது இவன் சட்டைப்பைக்குப் போனது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் மிஷினில் ஏதோ கோளாறு என்பான். இவன் மூளைக்கு எத்தனை கம்பி வைத்தாலும் போதாது.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஜெபத்தால் சுகமானேன் என்று ஆலயத்தில் சாட்சி சொல்லவேண்டும், பேட்டரிப் பேச்சே கூடாது என்று எழுதியே கொடுத்தான். முகம் பிரகாசமாக இருக்கட்டும் என்று, காலையில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு படி கூட்டியும் விட்டான்.

பிரகாசம் அளவுக்கு மிஞ்சிப்போனது. சிரிப்பு அடங்கவில்லை, பயம் என்பதே அற்றுப்போனது. தபித்தாள் மைக்கைப் பிடித்து, பிசாசுப் பட்டத்திலிருந்து சட்டைப்பை ரிமோட் வரை எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்தே கொட்டித் தீர்த்தாள்.

ஜஸ்டஸ் எழுந்தான். "அவ பேசறதில்லீங்க. மிஷின் பேசுது."

சபை தலையாட்டியது. முன்பு பிசாசு பேசுகிறது என்றபோதும் ஆடிய தலைகள்தான். மிஷினைக் கொஞ்சம் குறைத்துவிடுமாறு போதகரும் கனிவாகச் சொன்னார்.

தபித்தாள் கையை நீட்டினாள். அத்தனை பேர் முன்னால் அவனால் ரிமோட்டைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவளே இரண்டு படியையும் குறைத்துவிட்டுப் பிரசங்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வடிந்தது. பயமும் திரும்பி வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் மிஷின் சொன்னதாகவே முடிந்துபோகும். அறிவிப்பு நேரத்தில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப டாக்டர் வெச்ச அளவுல இருக்குதுங்க. ரொம்ப பயமாவும் இருக்குது. முன்ன சொன்னதெல்லாம் நான் சொன்னதுதானுங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."