இரண்டு வாங்குக்கும் நடுவில் மரியதாசன்

குறிகட்டுவான் இறங்குதுறைத் தேநீர்க் கடைக்கு வெளியே இரண்டு மர வாங்குகள் கிடக்கின்றன. நெடுந்தீவுப் படகு வரும்வரை போரைப் பற்றி வாதாட ஒன்றில் ரஷ்யா உட்கார்ந்திருக்கும், மற்றதில் உக்ரைன். இரண்டு படையிலும் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் இல்லை. பேருந்துக்கு ஓடினாலே மூச்சு இளைக்கிற வீரர்கள்.

ரஷ்யாவின் தளபதி மாடு வளர்க்கிற மரியதாசன். "மூண்டு நாளிலை முடிஞ்சிடும்" என்று முதல் வாரமே வெற்றி அறிவித்தவர். போர் வருடக்கணக்கில் இழுபட்டது. அதனால் படகு டீசல் விலை ஏறியதும் கூட்டாளிகளில் பாதிப்பேர் வெட்கமில்லாமல் எதிர் வாங்குக்குத் தாவினார்கள். அவர் அசையவில்லை.

பிறகு, பிரான்சுக்கு அனுப்புவதாகச் சொன்ன முகவர் ஒருவன் மரியதாசனின் மகன் டிலானை ரஷ்யப் படையில் தள்ளிவிட்டான். இப்போது மரியதாசன் எந்த வாங்கிலும் இருப்பதில்லை. மகனின் அழைப்புக்காகக் கைபேசியோடு நிற்கிறார்.

"என்ன மரியதாசண்ணை, எங்கடை பக்கம் வாங்கோவன்" என்று நேற்று உக்ரைன் இளித்தது.

"உங்கடை ஆக்கள் சுடுறது என்ரை பெடியனையடா."

"அப்ப இஞ்சாலை இரும், நாங்கள் வெல்லுவம்" என்றது ரஷ்யா.

"வெல்லவெல்ல அவனை இன்னும் முன்னுக்கெல்லோ அனுப்புவாங்கள்!"

இரண்டு படையும் தேநீரை உறிஞ்சின. வேறென்ன தெரியும் அதுகளுக்கு?

படகுக்குக் காத்துநின்ற நான், கடைக்காரரின் கதிரையைக் கேட்காமலே தூக்கிவந்து நடுவில் போட்டேன்.

"இருங்கோ மாமா. இதிலைதான் போனுக்குச் சிக்னல் நல்லா இழுக்கும்" என்று புளுகினேன்.

அவர் இருந்தார்.