நடக்க விடாத ஊர்

மதுரையில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்தபின் எனக்கு மறதி பிடித்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்துவிடுவேன். பேத்தியைக் கூப்பிட வாயைத் திறந்தால் பெயர் வராது. பயந்துபோய் டாக்டரிடம் சொன்னேன். தினமும் கைவீசி நடங்கள், இதயத்துக்கு மட்டுமில்லை, மூளைக்கும் நல்லது, மறதி குறையலாம் என்றார்.

காமயகவுண்டன்பட்டியில் வேலைவெட்டி இல்லாமல் எவன் ரோட்டில் நடப்பான்? கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு இறங்கினால் பைக்கில் வருகிறவனெல்லாம் நிறுத்தி, ஏறச் சொல்வான். வேண்டாமென்றால், "எங்க சித்தப்பா போறீக?" என்பான். சும்மா நடக்கிறேன் என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். டவுன் பஸ்கூட எனக்காக நின்றது. அடப் பாவிகளா, நான் நடந்தால் உங்கள் பாட்டன் சொத்தா கரைந்துவிடும்?

அத்தோடு விட்டார்களா? செல்போன் வந்த புதிது வேறு. போகிற இடம் தெரியாமல் ரோட்டில் அலைகிறார் என்று என் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். படித்தவன், அவனும் நம்பினான். ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டான். நான் நட்டு வளர்த்த திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடப் பேசினான். மறதி போகட்டும் என்று நடந்தவனை, நடக்கிறான் என்பதற்காகவே புத்தி கெட்டவன் ஆக்கிவிட்டார்கள். வயிறு எரிந்தது. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் எங்கள் ஊரில் ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.

நான் விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வாய்க்கால் கரைக்குப் போனேன். அங்கே பைக் வராது. எங்கள் தோட்டத்தை ஒட்டியே கரை போகும். சில மாதத்தில் பேத்தியின் பெயர் தடங்கலில்லாமல் வந்தது. நடையாலா, நாள் போனதாலா என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை.

குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்தார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மகன் சொன்னான்:

"அப்பாவுக்கு எதுவும் நெனப்புல நிக்க மாட்டேங்குதுண்ணே."

நான் அவன் பக்கம் திரும்பிக் கேட்டேன்:

"ஏலே, தோட்டத்துல மேக்கு வரிசைக்கு மருந்தடிச்சியா?"

அடித்தாயிற்று என்றான்.

"அடிக்கல. கெழக்க மட்டும் அடிச்சிட்டு வந்துட்ட. மேக்க எலையெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கு. இன்னைக்குக் காலையிலதான் பாத்துட்டு வந்தேன்."

மகன் தலையைச் சொறிந்தான். மறந்தேபோனது அவனுக்கு. குத்தகைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுந்தார்.

"பேச ஒண்ணுமில்ல," என்றேன். "பரண்ல கெடக்குற என் ஷூவ எடுலே."